எரிமலை அடிவாரத்தில் நைனா

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஜாவாவில் ஓர் எரிமலை புகைய ஆரம்பித்தது. ஆரம்பாக்கத்தில் அதற்காகக் கவலைப்பட்டது நான் ஒருத்திதான்.

நைனா கப்பல் வேலைக்கு ஜாவா பக்கம் போயிருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை. கப்பலில் ஏது தபால்பெட்டி என்று அதற்கும் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது.

பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிப்பது என் பொறுப்பு. தலைமையாசிரியர் ரயிலில் வரும்போது வாங்கிவரும் பேப்பரில் கோடு போட்டுத் தருவார். அந்த நாலு வரியை நான் உரக்கப் படிக்க வேண்டும். முதல் நாள் புகை என்று படித்தேன். அடுத்த நாள் சாம்பல். மூன்றாம் நாள், அடிவாரத்து ஊர்களைக் காலி செய்யச் சொல்லியும் சிலர் கிளம்ப மறுக்கிறார்கள் என்று படித்தேன். நைனா பிடிவாதக்காரர். நிச்சயம் கிளம்பியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம், நாற்று நட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"உங்க நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது. அவரு நல்லாத்தான் இருப்பாரு. நீ போய் அடுப்பப் பாரு," என்றாள்.

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு அவளோடு பேச்சை நிறுத்தினேன். அதை அவள் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை. அதற்கப்புறம் பேப்பரிலும் எரிமலையைக் காணோம். கடைசிப் பக்கம் வரை தேடினேன். மலை வெடித்ததா, அடங்கியதா, சொல்ல ஆளில்லை. பள்ளி விட்டதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, நிற்காமல் போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் இருந்ததுபோல் நான் பிற்பாடு எப்போதும் தனியாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தம்பி வந்தார். ஏதோ நிலத் தகராறுக்காக அந்த வாரம் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போயிருந்தவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"கோர்ட்டாண்ட உன் ஊட்டுக்காரரப் பாத்தேன்கா. நல்லாத்தான் கீறாரு. இடுப்புல ஒரு கொயந்தய வச்சிக்கினு போனாரு. என்னப் பாத்தும் பேசல."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக நான் பார்த்திராத அழுகையை அழுதாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நைனா தப்பிவிட்டார். சும்மா தப்பவில்லை, அடிவாரத்திலிருந்து ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது, பாவம், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அயாதம்மா. அதான் வந்துட்டாரில்ல," என்றேன்.

என்னை இறுக்கிக்கொண்டு அவள் இன்னும் அழுதாள்.

மறுநாள் பிரார்த்தனையில், கோடு போட்ட வரிகளை முடித்துவிட்டு என் செய்தியையும் சேர்த்துப் படித்தேன். எரிமலையிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றிய என் நைனாவின் கப்பல் திருவள்ளூருக்கு வந்து சேர்ந்தது. வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் எழுத்தை விழுங்கினாலும் நிறுத்தித் திருத்துகிற தலைமையாசிரியர், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருவள்ளூரில் கடல் இல்லை என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.