சவாசனம் செய்ய மறுத்த அக்கா

இன்று ராமேஸ்வரத்தில் எனக்கு யோகாசன ஆசிரியைத் தேர்வு. டிரில் டீச்சரான நான் ஆறு மாதமாக இதற்காகத்தான் பயிற்சிக்குப் போய்வந்தேன்.

ஆசனமே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து, தேர்வாளர் முன்னால் முழு வகுப்பு நடத்த வேண்டும். பாம்பனில் மீன் விற்கும் சூசையம்மா அக்காவைக் காலைப் புகைவண்டியில் அழைத்துப் போனேன். கூடை சுமந்து சுமந்து அவருக்கு ஓயாத இடுப்புவலி.

எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில், மனப்பாடம் செய்திருந்தபடி சொன்னேன்: "இப்போது சவாசனம். பிணம் போல அசையாமல் படுங்கள்."

அக்கா பாயை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன பேச்சு பேசுறீக டீச்சர்? எங்க வீட்டு ஆம்பளை கடல்ல இருக்காக. நான் இங்கன பொணமாப் படுக்கவா?"

மனப்பாடம் செய்ததை அங்கேயே விட்டேன்.

"வேணாம்க்கா. உக்காந்து மூச்சை மட்டும் கவனிங்க" என்றேன்.

கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. நானும் மூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் தானாகத் தளர்ந்தன.

தேர்வாளர் பேனாவை மூடினார். "சவாசனம் இல்லாம வகுப்பு முடியாதும்மா. வேற ஆளோட இன்னொரு நாள் வாங்க."

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

அக்கா முந்திக்கொண்டார். "வேற ஆள் எதுக்குய்யா? நானே வாரேன். எங்க வள்ளம் கரையில கெடக்குற நாளாச் சொல்லுங்க, படுக்குறேன்."

தேர்வாளர் சிரித்துவிட்டு, பாம்பன் வள்ளங்கள் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டார்.

அதற்குள் அந்த ஆசனத்துக்கு வேறு பெயர் தோன்றினால் எழுதுங்கள், தோழிகளே.