மழைக்கு முன்னால் ஓடுகிறவள்

ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்து, தொழிற்சாலை வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. ஓடினால் மாரத்தான்தான் என்று வீம்பாக நின்றேன். சின்ன ஓட்டமெல்லாம் பிள்ளைகளுக்கு என்று நினைப்பு.

ஈப்போவில் ஓடிய முதல் மாரத்தானில், பாதி வழியில் வானம் இருண்டது. அவ்வளவுதான், கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்தில் மேகம் கூடினால், மழை விழுந்து பாலைக் கெடுப்பதற்குள் மரத்துக்கு மரம் ஓடி மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்ததை வாளியில் ஊற்றுவோம். அதே ஓட்டம் ஓடினேன். முன்னால் போனவர்களையெல்லாம் தாண்டினேன். கொஞ்ச தூரத்தில் தொடை பிடித்துக்கொள்ள, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். மழை வரவே இல்லை.

சைக்கிளில் கூடவே வந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "இங்க யாரு உன்னைப் பாலு எடுக்கச் சொன்னா? ஆனா என்னா வேகம் லா! இது சின்ன ஓட்டத்துக்கு உள்ள காலு."

எரிச்சலாக வந்தது. ஆனாலும் அடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் பெயர் கொடுத்தேன். அன்று காலை மேகத்தைப் பார்த்து எல்லாரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும், இன்னும் நன்றாகக் கறுக்கட்டும் என்று தொடக்கக் கோட்டில் நின்றேன்.