களத்துக்கு வந்த காற்றாடி மிஷின்

எங்கள் வீட்டுக்குக் காற்றாடி மிஷின் வாங்க வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். எழுபதுகளின் நடுவில் இருக்கும். பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் நன்றாகவே விளைந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அடித்த நெல்லைத் தூற்றத்தான் காற்று வேண்டும். தை மாதத்தில் அந்தக் காற்று எங்களை மதிப்பதே இல்லை. களத்தில் நெல்லும் பதரும் குவிந்து கிடக்கும். முறத்தைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்போம். ஒரு வீச்சு வரும். அவசரமாக முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கொட்டுவதற்குள் நின்றுவிடும். பதரெல்லாம் என் தலையில் விழும். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காற்று மட்டும் ஓர் ஆளாக இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

காற்று இல்லை, அதனால் மிஷின். வீட்டில் அப்படித்தான் சொன்னேன். உண்மையான காரணம் என் வலது தோள்பட்டை. முறம் தூக்கித் தூக்கி அது பழுதாகிப் போயிருந்தது. கையை உயர்த்தினால் உயிர் போய் உயிர் வரும். இன்னும் ஒரு போகம் தூற்றினால் கை விளங்காமலே போய்விடும் என்று உள்ளுக்குள் பயந்து செத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார், "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்பதற்கு வலியே தேவலை.

பாண்டியில் ஒரு கடையில் மூன்று விதமாக வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பார்த்தவுடன் மோட்டார் வைத்ததன்மேல் ஆசை வந்துவிட்டது.

"களத்துல கரண்டு எங்க கீது?" என்றேன்.

"ஒயரு இழுத்துக்கலாம் புள்ள."

"ஊர்ல இருந்து ஏரிக்கரை வரைக்குமா? அதுக்கு பாண்டிய வித்துத்தான் ஒயரு வாங்கணும்."

அடுத்தது கையால் சுற்றுவது. கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தோளில் சுரீர் என்றது. "இது சரியில்ல, ஆடுது" என்று பொய் சொல்லி நகர்ந்தேன். மூன்றாவதில் சைக்கிள் சீட்டும் பெடலும் செயினும் இருந்தன. உட்கார்ந்து மிதித்தால் முன்னால் விசிறி சுற்றும்; எதிரே நின்று இன்னொருவர் நெல்லைக் கொட்ட வேண்டும். கால்தானே, என் கால் இரும்பு.

"பொம்பளைங்க இத மிதிக்க மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

மாட்டேனா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தேன். அவர் மேசையிலிருந்த பில்லெல்லாம் பறந்து ரோட்டுக்குப் போயின. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் வேறு பேச்சே பேசவில்லை. ஒரு டப்பா கிரீஸைக் கையில் கொடுத்து, "அச்சுக்கு இத மட்டும் வையுங்க, தூசு படாம சாக்கு போட்டு மூடி வையுங்க" என்றார்.

வீட்டில் மாமியார் குதித்தார். "காத்துக்கு ஒரு மிஷினா? நாளைக்கு வெயிலுக்கும் ஒண்ணு வாங்கினு வருவீங்களா?" ஆனாலும் அவரே மாட்டுக் கொட்டகையில் அதற்கு இடம் ஒதுக்கினார். கோழி ஏறாமல் பார்த்துக்கொண்டார். முதல் அறுவடைக்கு மிஷின் ஜம்மென்று ஓடியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த தையில்தான் வினை வந்தது. நெல்லை அடித்துக் குவித்திருந்தோம். மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் வருஷத்துச் சாப்பாடு முளைத்துப் போகும். நான் ஏறி மிதித்தேன், என் வீட்டுக்காரர் கொட்டினார், மாமியார் பதரை ஒதுக்கினார். கால் பங்குகூடத் தூற்றியிருக்க மாட்டோம், பெடல் இறுகிக்கொண்டது.

"மிதி புள்ள!"

"மிதிச்சா சுத்தினாத்தானே!"

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோட்டாருன்னு அப்பவே சொன்னேன். எறங்கு. முறத்த எடு."

முறமா? இருக்கிற குவியலுக்கு என் கை நிச்சயம் தாங்காது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எடுக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அச்சைப் பார்த்தேன். பதரும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் பாகுபோல இறுகியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். தோசைக்கல் வாசனை.

"யாரு இதுக்கு நல்லெண்ண வுட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான். இன்னாத்துக்கு இப்படி கத்தற?" என்றார் மாமியார், சாவகாசமாக. "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வுட்டேன்."

"கிரீஸ் எங்க அத்தே?"

"எருக்குழியில போட்டுட்டேன். அதுல மாட்டுக் கொழுப்பு கலக்கறாங்களாம். இந்த நெல்லுலதான மாரியம்மாளுக்கு மொத பொங்க வைக்கிறோம்? கொழுப்பு பட்ட நெல்ல அவளுக்கு வைப்பியா நீ?"

அத்தனை கோபத்திலும் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எண்ண தேச்சி வுட்டியே, சீயக்கா போட்டியாம்மா?"

சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்து வீட்டுக்குப் பறந்தார், மண்ணெண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தார். அச்சில் ஊற்றி, துணியால் தேய்த்து, பெடலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினோம். முதலில் அசையவே இல்லை. மறுபடியும் ஊற்றினோம். கறுப்புக் குழம்பு வழிந்தது. விசிறி ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்றியது. ஏறி உட்கார்ந்தவள்தான், பேய் பிடித்தவள்போல் மிதித்தேன். பதர் பக்கத்துக் களம் வரை பறந்தது. மூட்டை கட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அவர் வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மாமியாரும் நானும் வண்டிக்கு அடியில் ஒதுங்கினோம். நெல் தப்பிய சந்தோஷத்தில் மாமியாரைச் சீண்டத் தோன்றியது.

"வாங்கசொல்ல அந்தக் குதி குதிச்சீங்க. இப்ப வாராவாரம் எண்ண வுடற அளவுக்கு மிஷின் மேல ஆசையா அத்தே?"

"மிஷின் மேல எனக்கு இன்னாடி ஆச?" என்றார் மழையைப் பார்த்துக்கொண்டே. "அது நின்னா நீ மறுபடியும் முறம் தூக்குவ. சோத்துப் பானைய எறக்கசொல்ல எடது கையத்தான் குடுக்கற. நான் பாக்கலன்னு நெனச்சியா? கேட்டா வள்ளுன்னு வுழுவ. அதான் அதையாவது நல்லா பாத்துக்குவோம்னு பாத்தேன்."

வலது தோளை அவர் பக்கம் திருப்பினேன்.

"வலிக்குது அத்தே" என்றேன். "ரொம்ப வலிக்குது."