நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

எங்கள் பாட்டை யாரும் கேட்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசித்தது ஸ்பீடு மெட்டல், காது கிழியும் வேகத்தில் அடிக்கும் ராக் இசை. அந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் சொல்லிப் பாருங்கள். பழைய இரும்புக் கடையா என்பார்கள்.

நாங்கள் இரண்டே பேர். கிதாரும் குரலும் என் நண்பன். டிரம்ஸ் நான். சர்ச்சில் ஆராதனைக்கு வாசித்து, வேகமாக அடிக்கிறான் என்று துரத்தப்பட்டவன். பொத்தேரியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ஸ்டூடியோவில் எங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்து இணையத்தில் போட்டோம். கேட்டவர்களில் பாதிப் பேர் நாங்களேதான்.

பிறகு ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு சின்னக் கம்பெனிக்காரன் எழுதினான். பழைய கிராமபோன் தட்டு மாதிரி வினைல் தட்டாக அச்சடிக்கட்டுமா என்றான். பாட்டு வரிகளை அனுப்பினால் உறையில் போடுகிறேன் என்றும் கேட்டான்.

"வரியெல்லாம் வேணாம் மச்சான்" என்றான் நண்பன்.

"ஏன்டா?"

"வேணாம்னா வுடேன்."

நானும் விட்டுவிட்டேன். அவன் என்ன பாடுகிறான் என்று எனக்கே தெரியாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறி பிடித்தது போல அடிப்பவனுக்கு வார்த்தை எங்கே கேட்கும்? பதிவில் கேட்டாலும் அந்த வேகத்தில் ஒரு வார்த்தை பிடிபடாது. ஏதோ போரைப் பற்றிப் பாடுகிறான் என்று நினைத்திருந்தேன்.

ஆளுக்கு ஒரு தட்டு வந்தது. குதித்தோம். அப்புறம்தான் உறைத்தது, அதை ஓட்டும் பெட்டி எங்கள் இருவர் வீட்டிலும் இல்லை. தெரிந்தவர்கள் யாரிடமும் இல்லை. எங்கள் தட்டை நாங்களே கேட்டதில்லை. ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது என்னுடைய தட்டும் பதிவு இருந்த கம்ப்யூட்டரும் போய்விட்டன. பாட்டைப் போட்டு வைத்திருந்த இணையதளத்தையும் மூடிவிட்டார்கள். மிச்சம் கோவளத்தில் அவன் வீட்டில் இருந்த ஒரே ஒரு தட்டு.

அதன் உறைமேல் தீயில் எரியும் மண்டை ஓடு. நண்பன் குடும்பம் போகும் சபையின் பாஸ்டர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கமே அதுதான். வீட்டுக்குள் சாத்தானை வைத்துக்கொண்டு கர்த்தரிடம் சுகம் கேட்கிறார்கள் என்றாராம். நண்பன் வீட்டுக்கு வந்ததும் தட்டை பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தான். போன வருடம் மஞ்சள் காமாலை வந்து செத்தான். ரிசார்ட்டுகளில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டு, கண்ட இடத்தில் கண்ட தண்ணீரைக் குடித்தவனுக்கு வேறு என்ன வரும்? சபையில் சிலர் அதையும் தட்டின் கணக்கில் எழுதினார்கள். அவன் மனைவி காதில் விழும்படியே பேசினார்கள். அந்த ஆட்களை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

இந்தப் பங்குனியில் அவன் மனைவி வீட்டைக் காலி செய்தாள். பீரோவை நகர்த்தியதும் எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, அந்தத் தட்டு இங்கதான் கீது. அதுல சாமிக்கு ஆவாதது எதுனா பாடிக்கீறாரா? உண்மைய சொல்லுண்ணா."

"எனக்குத் தெரியாதும்மா."

"கூட வாசிச்சவன் நீ. தெரியாதுன்ற."

நம்பவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"கேட்டுட்டு முடிவு பண்றேன். பாஸ்டர் சொன்ன மாதிரி இருந்தா கடல்ல போட்டுட்டு கைய கழுவிடுவேன். என் பொண்ணு இருக்கிற வூட்ல அது வேணாம்."

அவன் பாடியதில் மீந்திருப்பது அது ஒன்றுதான் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு கற்க வருபவர்கள் வந்து உட்காரும் ஒரு காபிக் கடையில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. அவளையும், பன்னிரண்டாவது எழுதிவிட்டு இருந்த மகளையும் அங்கே கூட்டிப் போனேன். பகல் நேரம், கூட்டமில்லை. கொண்டை போட்ட ஒரு பையன்தான் ஓனர். தட்டை வாங்கி, ஊதி, வைத்து, ஊசியை இறக்கினான்.



என் டிரம்ஸ் குடிகாரன் படி ஏறுவது போலத் தடுமாறியது. கிதார் லாரி மாதிரி உறுமியது. அப்புறம் குரல் வந்தது. பாழுங்கிணற்றுக்குள் கிடக்கிற ஏதோ ஒன்று வாயைத் திறந்த மாதிரி. என் நண்பன் குரல் இல்லை அது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், வேறு எவனுடையதையோ அச்சடித்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "பாஸ்டர் சொன்னது சரிதான்ணா. இது மனுசக் கொரலே இல்ல." எழுந்துவிட்டாள். "தம்பி, எடுப்பா அத்த. குடு, நான் போடுற எடத்துல போட்டுக்கிறேன்."

ஓனர் கையை நீட்டினான். மகள்தான் தடுத்தாள்.

"இரும்மா. இன்னாவோ சொல்லுது, கேளு. 'ஈரத் துண்டு'ன்னு சொல்லுது."

நின்றோம். பேயின் குரல் ஒவ்வொரு எழுத்தாக இழுத்தது: "ஈரத் துண்ட... கட்டில் மேல... போடாத... எத்தினி வாட்டி... சொல்றது..."

அம்மாவின் உதடு அசைந்தது. "தண்ணி நின்னுபோச்சு, எயுந்திரு" என்றாள். அவள் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டில் அந்த வரி வந்தது. "ரேஷனுக்கு யாரு போறது" என்றாள். அதுவும் வந்தது.

"நான் திட்டுனதுண்ணா" என்றாள். "காலீல எயுந்து நான் திட்டுனது. அப்படியே பாடிக்கீறாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். மண்டை ஓடு, தீ, சாத்தான் என்று ஒரு சபையே நடுங்கிய பாட்டு. எத்தனையோ முறை கை கொப்பளிக்க அடித்த பாட்டு. ஈரத் துண்டு! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டிருக்கிறான், முட்டாள். உயிரோடு இருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன்.

ஓனர் தட்டைக் குனிந்து பார்த்தான். "சாரிண்ணா. பெரிய தட்டுன்னாலே நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்துன்னு மெதுவா போட்டுட்டேன். இது நாப்பத்தஞ்சுல ஓடணும்."

"பார்த்துப் போட மாட்டியாடா? ஆள் செத்துட்டான்னா எப்படி வேணா ஓட்டுவியா?" என்று கத்தினேன். பாவம், அவன் எங்களுக்கு இலவசமாக ஓட்டிக் காட்டியவன். எனக்கு அப்போது யாரையாவது பார்த்துக் கத்த வேண்டியிருந்தது.

நாற்பத்தைந்தில் போட்டான். நண்பன் வந்துவிட்டான். அதே கிறீச்சென்ற குரல், அதே அவசரம். என் கை தானாக மேசையில் அடித்தது. மகள் முதல்முறையாகச் சிரித்தாள்.

"இன்னாண்ணா இது, ஒண்ணுமே பிரியல" என்றாள் அவள். "நான் இவ்ளோ வேகமாவா திட்டுவேன்?"

"இத்தவிட வேகம்" என்றாள் மகள்.

"சும்மா இருடி." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் கத்தும்போதுலாம் ஒண்ணும் பேசாம தலைய ஆட்டிகினே நிப்பாருண்ணா. அடங்கிப் போறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

தட்டு முடிந்ததும் அவளே போய் வாங்கி உறையில் போட்டாள். மண்டை ஓட்டைப் புறங்கையால் துடைத்தாள். கோவளம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"இந்தப் பொட்டி எங்கண்ணா விக்கும்? பாஸ்டர வூட்டுக்கு இட்டாந்து ஒக்கார வெச்சி கேக்க வைக்கணும்."

"பார்த்து வாங்கித் தரேன்."

"எதுல போடணும் அவருக்கு? மெதுவாவா, வேகமாவா?"

"மெதுவா" என்றேன். "ஒரு வார்த்தை வுடாம கேக்கட்டும்."