தெற்கு மூலையில் ஒரு குழி

சொன்ன சொல்லில் நிற்கிறவள் என்று வித்துராச் சந்தையில் ஞானபாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தூக்கி அடுப்பில் போட! அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

நல்லமிளகில் பப்பாளி விதை கலக்காமல் விற்கிறவள் அவள். புருஷன் அருமைநாயகம் எஸ்டேட் லாரி கவிழ்ந்து செத்த பிறகு, அவன் விட்டுப்போன அரை ஏக்கர் ரப்பரைத் தானே வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து, மகள் ஜிஷாவைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தாள். குடியிருந்த வீடு ரோட்டோரப் புறம்போக்கில் இருந்தது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ரப்பர்ப் பூமி ஒன்றுதான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஜிஷாவுக்குப் பெங்களூரில் நர்சிங் சீட் கிடைத்தது. ஒரு பெண் நர்ஸாகிவிட்டால் குடும்பமே தலைநிமிர்ந்துவிடும் என்று எல்லாரும் நம்பிய காலம். ஞானபாய் சொசைட்டியில் கடன் வாங்கிச் சீட்டைப் பிடித்துவைத்தாள். மீதிப் பணத்துக்குப் பூமியை விற்பது என்று முடிவு செய்தாள்.

தரகர் வன்னியராஜ் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நகரத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்தக்கடை வைத்திருக்கும் பகவதிப்பெருமாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வாடகை வீட்டிலேயே இருபது வருஷம் ஓட்டியவர். நெற்றி நிறைய திருநீறு, வாய் நிறைய அக்கா.

"ஆவணியில, அதான் இங்கத்த சிங்கம் மாசம், பதிஞ்சிருவோம்க்கா. இந்தாங்க அட்வான்ஸ். எழுத்தெல்லாம் எதுக்கு, உங்க வாக்கு போதாதா?"

"போதும் அண்ணாச்சி. நான் மாற மாட்டேன் கேட்டியளா" என்றாள் ஞானபாய். அவர் மாறுவாரா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் பிபின் துபாயிலிருந்து லீவில் வந்தான். வீடு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவன், பகவதிப்பெருமாள் சொன்னதைவிடக் கூடுதல் விலை சொன்னான், அதுவும் ரொக்கமாக. ஞானபாய் அவனுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஜிஷா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

ஆடி மழையில் ஒரு நாள் வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளே பகவதிப்பெருமாளின் அம்மா சூடாமணியின் உடம்பு. அந்த ஜில்லாவில் செத்தவர்களைச் சொந்தப் பறம்பின், அதாவது தோட்டத்தின், தெற்கு மூலையில் வைப்பதுதான் நடப்பு. பறம்பு இல்லாதவர்கள் நகரத்துச் சுடுகாட்டுக்குப் போகவேண்டும்.

"அம்மைக்குத் தீன்னா பயம்க்கா. மண்ணுல வையி மண்ணுல வையின்னே போயிட்டா. எனக்குன்னு இங்க வேற மண்ணு ஏது?" என்று அவர் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அழுகையில் பொய் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

"எழும்புங்க அண்ணாச்சி. அடுத்த மாசம் உங்க பூமிதானே" என்றாள் ஞானபாய். வெந்நீர் போட்டதும், கிழவியைக் குளிப்பாட்டியதும், தன் சர்ச் சேலையை எடுத்து உடுத்திவிட்டதும் அவள்தான். தெற்கு மூலையில் குழி வெட்டி வைத்தார்கள். அவர் சிமென்ட் பூசி, விளக்குமாடமும் கட்டினார்.

சிங்கம் வந்தது, போனது. போன் செய்தால் வியாபாரம் மந்தம் என்றார். கல்லூரியில் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது வன்னியராஜிடம் சொல்லி அனுப்பினார்: பூமி வேண்டாமாம், அட்வான்ஸை அக்காவே வைத்துக்கொள்ளட்டுமாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காத பெரிய மனசு என்று சந்தையில் அவரை மெச்சக்கூடச் செய்தார்கள். நாசமாய்ப் போன மெச்சல்!

ஞானபாய் பிபின் வீட்டுக்கு ஓடினாள். அவன் சிரித்தான்.

"சேச்சிக்குக் கிறுக்கா? வேறொருத்தன் அம்மை கிடக்கிற பறம்புல நான் வீடு வைக்கவா?"

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் தெற்கு மூலை வரைக்கும் நடந்தார்கள், அங்கிருந்தே திரும்பினார்கள். சீட் போயிற்று. ஜிஷா கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கப் போனாள். வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசமாட்டாள். ஒருதரம் மட்டும் சொன்னாள்: "எல்லாருக்கும் வாக்கு கொடுத்தீங்க. எனக்கும்தான் கொடுத்தீங்க."

வன்னியராஜ் ஒரு யோசனை சொன்னார். "ஆள விட்டுத் தோண்டி எடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"என் கையால குளிப்பாட்டின உடம்பு அது. பேசாம போங்க" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, சொசைட்டியிலிருந்து நோட்டீஸ் வந்த வாரம் அதே வன்னியராஜ் மறுபடி வந்தார். பகவதிப்பெருமாள் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராம். வேறு யார் வாங்குவார்கள், அவருக்கென்றால் பெற்ற தாய். ஞானபாய் கையெழுத்துப் போட்டாள். கடன் தீர்ந்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பதிவு முடிந்ததும் அவர் அவளுக்கு ஓட்டலில் தோசை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் ஜேசிபி வந்தது. பொன்முடி போகும் ரோடு என்பதால் ஒரு ரிசார்ட்காரன் நல்ல விலைக்கு வாங்கியிருந்தான். கல்லறை இல்லாத பூமியாகத் தருவதாக விற்றவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். அந்த வாக்கை மட்டும் அவர் காப்பாற்றினார். சிமென்ட் உடைந்தது, ரப்பர் மரங்கள் சாய்ந்தன. சாயங்காலம் வேலைக்காரன் ஒருவன் உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து ஞானபாயின் வாசலில் வைத்தான்.

"பெருமாள் அண்ணாச்சிக்கு போன் பண்ணினோம். ஆத்துல போடச் சொல்றார். எனக்குப் பயமா இருக்கு சேச்சி. நீங்க தெரிஞ்சவங்கதானே."

சாக்கின் வாயில் அவளுடைய சேலைக் கரை மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. ஞானபாய் அந்த மண்ணை விரலால் தட்டிவிட்டாள். மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். சபையில் சேராதவளுக்கு இடமில்லை என்றார்கள். அங்கிருந்தே பஸ் ஏறி ஆரியசாலைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். பகவதிப்பெருமாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவள் சாக்கை அவர் முன்னால் இறக்கினாள்.

"அண்ணாச்சி, அம்மை."

அவர் சாக்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த வாடிக்கைக்காரர்களைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"பழைய சாக்கெல்லாம் நாங்க எடுக்கிறதில்லம்மா. அடுத்த கடையில கேளுங்க."

யாரோ சிரித்தார்கள். லோடு தூக்குகிறவன் வழியை மறிக்கிறது என்று காலால் சாக்கை நகர்த்தினான். ஞானபாய் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

வித்துரா பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இறங்கினால் எங்கே கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை. புறம்போக்கு வாசலில் குழி வெட்டினால் ஊர் விடாது. கண்டக்டர் வந்து, சாக்கில் என்ன என்று கேட்டார்.

"மரச்சீனிக் கிழங்கு" என்றாள் ஞானபாய்.

அவள் வாயிலிருந்து முதல் பொய் வந்தது அன்றைக்குத்தான். கண்டக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை நம்பிவிட்டுப் போனார்.