செசீலியா பேத்தியைத் தூக்காத மாதங்கள்

என் அண்ணன் தோமஸின் ஆண்டு நினைவுக்குப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுவதைவிட இரத்தம் கொடுப்பது மேல் என்று அவர் மனைவி, என் மச்சாள் செசீலியா சொன்னாள். கோயிலில் நடந்த முகாமில் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி போன் வந்தது.

ஹெபடைற்றிஸ் சி என்றார் டொக்டர். ஈரலைத் தாக்கும் கிருமியாம். அது இன்னும் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தொட்டால் தொற்றாது, ஒன்றாகச் சாப்பிட்டால் தொற்றாது என்று அவர் சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். செசீலியாவின் காதில் ஈரல் என்ற சொல் மட்டும்தான் ஏறியது. எங்களுக்கு ஈரல் வருத்தம் என்றால் கண் மஞ்சளாகும் செங்கமாரிதான், அது சாப்பிடும் பீங்கானிலும் குடிக்கும் கோப்பையிலும் ஒட்டும். அன்றே தனக்கென்று ஒரு பீங்கானைப் பிரித்து வைத்தாள். பெரிய வெள்ளியன்று சிலுவையில் வாய் வைத்து முத்தி செய்யாமல் வரிசையை விட்டு விலகினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். ஷெரோன் கல்யாணம் முடித்ததும் செசீலியா பின்னறைக்கு மாறியிருந்தாள். ஷெரோனின் மகள் அனெற் அதுவரை அம்மம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. இப்போது அது கை நீட்டினால் இவள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வளவைக் கூட்டப் போய்விடுவாள்.

"ஷெரோனிட்டச் சொல்லன் மச்சாள்" என்றேன்.

"அவள் பிறக்கக்க எனக்கு ஏத்தின ரெத்தத்தால வந்திரிக்கலாம் எண்டாரே டொக்டர். அதக் கேட்டா என்ட பிள்ளை தாங்குவாளா? முடிவு வரட்டும்." சொல்ல மாட்டேன் என்று என்னிடம் மாதா மீது சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

முதல் இரத்தம் பழுதாகிவிட்டதென்று திரும்பவும் எடுத்தார்கள். மாதங்கள் போயின. "மாமி, அம்மாக்கு என்ட பிள்ளையில என்ன வெறுப்பு?" என்று ஷெரோன் என்னிடம் அழுதாள். பிள்ளையை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் முடிவு வந்தது. கிருமி இல்லை, உடம்பே எப்போதோ அழித்துவிட்டது, மருந்தும் வேண்டாம் என்றார்கள். செசீலியா ஓட்டோவை விட்டு இறங்கி, கையைக் கழுவி, நேரே போய் அனெற்றைத் தூக்கினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. தாயிடம் போக உடம்பை வளைத்தது.

ஷெரோன் பறித்து வாங்கினாள். "விடுங்கம்மா. ஆசை வாற நேரம் மட்டும் தூக்கிறதுக்கு அவள் பொம்மையில்ல."

"ஓம் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"இப்பவாவது சொல்லன்" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சொன்னா, என்னைப் பெத்துத்தானே அம்மாக்கு இது வந்தது எண்டு நினைப்பாள். கோவமெண்டா ஒருநாள் ஆறும் மச்சாள். அது ஆறாது."