மூச்சைத் திறந்த மூன்று நாமங்கள்

சேசுவுக்குள் பிரியமானவர்களே, சந்தியாகு சாகக் கிடக்கிறான் என்ற செய்தி எனக்குக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில்தான் கிடைத்தது. 1943-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மேற்கு மலையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கங்காணி, ஆட்களுக்குக் கருவாடு வாங்கத் தூத்துக்குடிக்கு வந்திருந்தார். என் பேரை விசாரித்துக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிட்டார்.

"உம்ம மச்சினனுக்கு மலைக்காய்ச்சல். தோட்டத்துல கொயினா மருந்து தீந்துபோச்சு. அத்தானைப் பாக்கணும்னு அதையே சொல்லிட்டுக் கெடக்கான்."

"பொழைப்பானா அண்ணாச்சி?"

"நான் என்ன டாக்டரா? பாக்கணும்னா வெரசாப் போயிரும்."

சந்தியாகு என் மனைவி அந்தோணியம்மாளின் தம்பி. சங்கு குளிக்கும் எங்களுக்கு மச்சினன் என்பது வெறும் உறவு இல்லை. கல்லில் காலை வைத்து நாங்கள் கடலடிக்கு இறங்கும்போது, மேலே வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடிப்பவன் அவன்தான். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டோம். அக்காளின் தாலி அறுந்துபோக எந்தத் தம்பியும் விடமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. கல்யாணமான நாளிலிருந்து என் உயிர் சந்தியாகுவின் உள்ளங்கையில் இருந்தது. யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் போனதும், தோட்டத்தில் அரிசி அளந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் மலையேறிப் போய்விட்டான். பிறகு வேறொருவன் என் கயிற்றைப் பிடித்தான். நல்லவன்தான். ஆனாலும் அடியில் சங்கைத் தடவும்போதெல்லாம் நான் மேலே பார்ப்பேன். வள்ளத்தின் அடி தெரியும். அதன் ஓரத்தில் குனியும் சந்தியாகுவின் நிழல் தெரியாது. கடல் முழுக்க ஆட்கள் இருந்தும் எனக்கு ஒரு ஆள் குறைந்தது.

பங்குச் சாமியார் தம்மிடமிருந்த கொயினா மாத்திரைகளைத் துணியில் முடிந்து கொடுத்தார். அந்தோணியம்மாள் அழவில்லை. "நீங்களாவது அவன் மொகத்தப் பாத்துட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கல்லிடைக்குறிச்சி வரை ரயில். பிறகு மாட்டுவண்டி. அடிவாரத்தில் வண்டிப்பாதை முடிந்தது. அங்கே தோட்டத்துப் பெண் ஒருத்தி, பேச்சி என்று பேர், கங்காணி வாங்கிய கருவாட்டு மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். சந்தியாகுவுக்கு மருந்து கொண்டுபோகிறேன் என்றதும், அவனைத் தெரியும் என்றாள். அவளோடு சேர்ந்துகொண்டேன்.

மேடு என்றால் நான் அறிந்தது எங்கள் பக்கத்துத் தேரி மணல் குன்றுகள் மட்டும்தான். இந்த மலையோ நிமிர்ந்து நின்றது. முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடைத்தது. ஒரு மரத்தைக் குறி வைப்பேன். வாயை இறுக்கிக்கொண்டு அதுவரை ஏறுவேன். அங்கே போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரைப்பேன். மறுபடி அடுத்த மரம். கடலடியில் பாறைக்குப் பாறை போகிறவன் அப்படித்தான் போவான். வேறு மாதிரி போக என் உடம்புக்குத் தெரியாது.

"என்ன அண்ணாச்சி, முழி பிதுங்குது? மூட்டை என் தலையிலயா ஒங்க தலையிலயா?" என்றாள் பேச்சி.

"கடக்கரை ஆளு தாயி. பழக்கமில்ல."

"அதுக்கு வாயத் தச்சுக்கிட்டா வருவாக?"

சிரிக்கவும் எனக்குக் காற்று இல்லை. இன்னும் சில வளைவுகள் ஏறினோம். ஒரு பாறைத் திருப்பத்தில் கண் இருட்டியது. கால் மடிந்தது. குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. எழுந்தேன், விழுந்தேன். மறுபடி எழ முயன்றேன். தொடை நடுங்கியதே தவிர நிமிரவில்லை. மேலேயிருந்து மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சி வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மருந்த எங்கிட்ட தாங்க. நான் கொண்டு சேத்திருதேன். நீங்க பைய இறங்கிப் போயிருங்க. இதுக்கு மேலதான் ஏத்தமே இருக்கு."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? அவள் வளைவில் திரும்பி மஞ்சுக்குள் மறைந்தாள்.

அப்போது என்னைப் பிடித்த ஏக்கத்தை எப்படிச் சொல்ல? மருந்து போய்விட்டது. என்னால் ஆகவேண்டிய காரியம் மேலே எதுவும் இல்லை. இறங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னைப் பார்க்க வேண்டும் என்று ஒருவன் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். எனக்கோ அவன் முகம் வேண்டும். ரொட்டி கேட்கிற பிள்ளையைப் போல எனக்கு அது வேண்டியிருந்தது. பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, மருந்தைக் கொண்டு போனீர். என்னையும் கொண்டு போம். அவனை ஒரு தரம் பார்க்க விடும்," என்றேன்.

வானம் திறக்கவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சுதான் ஈரமாய் முகத்தில் பட்டது. தனிமைக்குப் பயந்து, சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த நாமங்களை வாய்விட்டுச் சொன்னேன். சேசு. மரி. சூசை. சொல்லிக்கொண்டே பாறையைப் பிடித்து எழுந்தேன். சேசு என்று ஒரு கால். மரி என்று ஒரு கால். சூசை என்று நின்றேன். மறுபடி சேசு. பத்துப் பதினைந்து எட்டு எடுத்து வைத்த பிறகுதான் உணர்ந்தேன், கண் இருட்டவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை.

நாமத்தைச் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். வாயைத் திறந்தவனால் மூச்சை அடக்க முடியாது. கடலில் என்னைக் காப்பாற்றிய பழக்கமே மலையில் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. காற்றே இல்லாத இடத்தில் போகிறவனைப் போல, காற்றுக்கு நடுவில் நான் மூச்சடக்கி நடந்திருக்கிறேன். நான் பலம் கேட்டேன். பலம் முதலிலிருந்தே எனக்குள் இருந்தது. ஆண்டவர் என் வாயைத் திறந்தார், அவ்வளவுதான்.

பிறகு மரத்தைக் குறி வைக்கவில்லை. மேலே எவ்வளவு என்று பார்க்கவில்லை. மூன்று நாமம், கொஞ்சம் மலை. மூன்று நாமம், கொஞ்சம் மலை. வெளிச்சம் மங்கும் முன்பே தேயிலைச் செடிகள் தெரிந்தன.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் பேச்சி நின்றாள். "ஏ அப்பா, வந்துட்டாகளே. ஒரு மாத்திரை குடுத்திருக்கு. உள்ள போங்க," என்றாள்.

கம்பளிக்குள் சந்தியாகு எலும்பாய்க் கிடந்தான். மஞ்சள் பூத்த கண்களால் என்னைப் பார்த்தான்.

"அத்தான், இங்கன எப்படி வந்தீய?"

"ஏறித்தாம்லே வந்தேன்."

"கயிறு யாரு பிடிச்சா?"

அவன் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அந்தக் கையில் கயிற்றுத் தழும்பு இன்னும் இருந்தது.

காய்ச்சல் மெல்ல விட்டது. சந்தியாகு பிழைத்தான். சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனால் அவன் கடலுக்கு வரவில்லை. மலையிலேயே ஒரு பெண்ணைக் கட்டினான். இப்போது குழந்தையும் இருக்கிறது. முகத்தைப் பார்க்கக் கேட்டேன், பார்த்தேன். அவனைத் திரும்பத் தரும்படி இன்றுவரை கேட்கிறேன், கிடைக்கவில்லை. முந்தி இதற்காகவே ஆண்டவரோடு பேசாமல் இருந்திருப்பேன். இப்போது அப்படி முடியவில்லை. வள்ளத்தில் ஏறும் முன் வாய்விட்டுச் செபிக்கிறேன். கூட இருப்பவர்கள், "அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு," என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்களில் யாருக்காவது ஏற்றத்தின் நடுவில் கால் நின்றுபோயிருந்தால், யாருடைய முகத்துக்காவது நெஞ்சு கிடந்து தவித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறாதீர்கள். அவரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த எட்டு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. நாளைக் காலையும் எனக்கு அது வேண்டும். மேற்கே மலை தெளிவாகத் தெரிகிற நாட்களில் இன்னும் அதிகமாய் வேண்டும்.